அடைத்த வீட்டின் காற்று: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டுக்குள் காற்று சரியில்லை என்று தோன்றியதுமே காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்திவிடுவது நகரங்களில் வழக்கமாகி வருகிறது. அந்தக் கருவி தூசியையும் புகைத்துகளையும் வடிகட்டும். ஆனால் மூடிய அறையில் சேரும் கரியமில வாயுவையும், கார்பன் மோனாக்சைடையும், சுவரில் ஏறிய ஓதத்தையும் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால், தொல்லை எந்த நேரத்தில், எந்த அறையில், யாருக்கு வருகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துவைப்பதே முதல் வேலை. விடியற்காலையில் மட்டும் வரும் தும்மலும், தாளிக்கும்போது வரும் இருமலும், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தலைகாட்டும் மூச்சிரைப்பும் வெவ்வேறு மூலங்களைச் சுட்டுகின்றன. வெளியூரில் சில நாள் தங்கும்போது அடங்கும் தொல்லை, திரும்பி வந்து கதவைத் திறந்த அன்றே மீண்டும் தொடங்கினால், காரணம் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கீழே உள்ளவை சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் அடுக்ககங்களையும் நெருக்கமான தெருக்களிலுள்ள தனி வீடுகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எந்த அறிகுறியாக இருந்தாலும் மூலத்தை நீக்குவதை முதலிலும், காற்றை மாற்றுவதை அடுத்தும், வடிகட்டுவதைக் கடைசியிலும் வைத்துக்கொள்வது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு

இந்த அறிகுறியை நின்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. வீட்டிலுள்ள இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் தலை கனத்து, குமட்டி, கால் தளர்ந்தால், கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொண்டு எல்லோரும் திறந்த வெளிக்கு வந்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல்நுனி ஆக்சிமீட்டரை இங்கே நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது என்பதால், ஆள் மயங்கும் நிலையிலும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

வீடுகளில் இதற்குக் காரணமாக முதலில் சந்தேகிக்க வேண்டியது குளியலறைக்குள் மாட்டப்பட்ட எரிவாயு கெய்சர். கதவையும் வென்டிலேட்டரையும் அடைத்துக்கொண்டு ஒருவர் குளிக்கும்போது அந்தச் சிறிய அறையின் ஆக்சிஜனைச் சுடர் தின்றுவிட, எரிதல் அரைகுறையாகி நஞ்சு விரைந்து கூடும். கெய்சரைத் திறந்த பால்கனியிலோ துணி துவைக்கும் இடத்திலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதே இதற்குச் சரியான தீர்வாகும். எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அந்த விசிறி, கெய்சரின் புகைக்குழாய் வழியே மேலே போக வேண்டிய புகையையே அறைக்குள் இழுத்துவிடலாம் என்பதால் அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். அடுத்தது கரித்தணல். கொடைக்கானலிலும் உதகையிலும் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்த செய்திகளைப் படித்திருப்போம். சாம்பிராணிக்கு மூட்டிய தணலை ஏசி அறையில் விட்டுவிட்டுப் படுப்பதும் அதே வகை ஆபத்துதான். புயல் நாட்களில் மின்சாரம் போனதும் வராந்தாவிலோ மாடிப்படிக்குக் கீழோ ஓட்டப்படும் ஜெனரேட்டர் மூன்றாவது.

சமையல் எரிவாயுவின் வாடை வேறு. அது மணமில்லாத வாயுவில் எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் மெர்காப்டனின் வாடை. அது அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட எடை கூடியது. தரையை ஒட்டியே தேங்கும். உயரத்திலுள்ள எக்ஸாஸ்ட் விசிறி அதை வெளியேற்றாது, அதன் சுவிட்சில் எழும் பொறிதான் மிச்சமாகும்.

ஏசி அறையில் தூங்கி எழும்போது தலைக்கனம், வறண்ட தொண்டை, தூக்கம் போதாத உணர்வு

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தியாகவே இருக்கிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் இடையில் குளிர்பதன வாயுதான் ஓடுகிறது. அறைக்காற்று அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் குளிர்கிறது. பழைய சன்னல் ஏசிகளில் பலவற்றிலாவது வெளிக்காற்றுக்கு ஒரு சிறு திறப்பு இருந்தது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயரமுள்ள படுக்கையறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார் என்று கொண்டால், காற்றே புகாமல் அடைத்த அறையில் இருவர் தூங்கும்போது மணிக்கு 700 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 700 பங்கு) வீதம் அது ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420 பி.பி.எம்.முக்குச் சற்று மேல். எந்த அறையிலும் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று மாறும் என்பதால் ஏற்றம் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனாலும் சன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக் கதவடியில் துணி செருகிய அறையில் விடியும்போது அளவு 2,000-ஐத் தாண்டியிருப்பது வியப்பில்லை. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பி.பி.எம். வரை அனுமதிக்கப்படுகிறது என்பதால் இதை நஞ்சு என்று அஞ்ச வேண்டாம். மூச்சில் வெளிப்பட்டது வெளியேறாமல் அறையிலேயே நிற்கிறது என்பதற்கு இது அளவுகோல். ஒருவருடைய சளிக்கிருமி மற்றவருக்குப் போவதும், வியர்வை வாடையும் பெயிண்ட் ஆவியும் தங்குவதும் இதே கணக்கில்தான் கூடும்.

சோதனை எளியது. இரண்டு மூன்று இரவுகள் அறைக்கதவை ஒரு சாண் திறந்து வைத்துத் தூங்கிப் பார்க்க வேண்டும். காலைத் தலைக்கனம் குறைந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. கதவைத் திறந்து வைக்க முடியாத வீடுகளில், அறையை ஒட்டிய குளியலறையின் கதவைத் திறந்து, அங்குள்ள சிறிய எக்ஸாஸ்ட் விசிறியை இரவில் ஓடவிட்டால், கூடத்துக் காற்று கதவடி வழியாக உள்ளே வந்து பழைய காற்று வெளியேறும். கெய்சர் எரிவாயுவில் ஓடும் குளியலறையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. சன்னலுக்கு மேலே இருந்த வென்டிலேட்டரைக் குளிர் வெளியேறுகிறது என்று கண்ணாடி வைத்து அடைத்திருந்தால், அதில் ஒன்றையாவது கொசுவலையோடு திறந்துவிடலாம். மின்கட்டணம் சற்றுக் கூடத்தான் செய்யும். அதற்கு ஈடாக ஏசியின் வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றி மின்விசிறியையும் சேர்த்து ஓட்டலாம்.

அளந்து பார்க்க விரும்புவோர் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் மீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான கருவிகள் சில வேறு வாயுக்களை அளந்துவிட்டு அதிலிருந்து கரியமில வாயுவை ஊகித்துச் சொல்கின்றன. வாங்கியதும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால், நல்ல கருவி 420-லிருந்து 450-க்குள் வந்து நிற்கும்.

விடியற்காலையில் அடுக்குத் தும்மல், மூக்கு நீர்; வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது

குளிர்காற்றின்மேல் பழி போடுவதற்கு முன் தலையணையைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பேன்கள் நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிள்களைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகின்றன. ஒவ்வாமையைத் தூண்டுவது அவற்றின் எச்சம். ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்று அவற்றுக்கு மிகவும் உகந்தது. ஆண்டுக்கணக்கில் உறை மட்டும் மாற்றப்பட்டு வரும் இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் அதை எறிந்துவிடுவதே நல்லது. படுக்கை விரிப்பையும் உறைகளையும் வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், மெத்தைக்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த முழு உறை போடுவதும் பலன் தரும். மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துத் தட்டும் நம் வீட்டுப் பழக்கமும் நல்லதுதான். ஒவ்வாமை உள்ளவர் அதைத் தட்டாமல் இருந்தால் சரி.

தும்மல் ஏசியைப் போட்ட சில நிமிடங்களில் தொடங்குமானால் அதன் முன்மூடியைத் திறந்து வடிகட்டி வலையைப் பார்க்க வேண்டும். பயன்பாட்டுக் காலத்தில் அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். வலை சுத்தமாக இருந்தும் ஈரத்துணி வாடை அடிக்கிறதென்றால் உள்ளேயிருக்கும் குளிர்ச்சுருளிலும் நீர்த்தட்டிலும் பூசணம் படிந்திருக்கிறது. அதற்கு ஆளை அழைத்து நீர்பாய்ச்சிக் கழுவச் சொல்ல வேண்டும். ஏசியை நிறுத்துவதற்கு முன் கால் மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருள் உலர்ந்து வாடை திரும்ப நாளாகும்.

மக்கல் வாடை, சுவரில் கறை, மழைக்காலத்தில் மூச்சிரைப்பு

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் தவறாகக் கையாளப்படுவது இதுதான். கறையைக் கண்டதும் பெயிண்டரை அழைத்து, பட்டி பார்த்து, மேலே விலைகூடிய பெயிண்ட் அடித்துவிட்டு, அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறையைப் பார்ப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. முதலில் அது உப்பா பூசணமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையாகப் பொருமி, விரலால் தேய்த்தால் பொடியாகி, ஒரு சொட்டு நீரில் கரைந்துவிட்டால் அது உப்பு; சிமென்ட்டிலும் செங்கல்லிலும் இருந்து ஈரம் வெளியே கொண்டுவந்தது. மூச்சுக்கு அதனால் பெரிய கேடில்லை, ஆனால் சுவருக்குள் நீர் நடமாடுகிறது என்பதற்கு அது சாட்சி. கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகத் தொடங்கி வட்டமாகப் பரவி, கரையாமல் ஈஷிக்கொண்டால் அது பூசணம். அதன் வித்துகள்தான் மூச்சிரைப்புக்குக் காரணம்.

அடுத்து, ஈரம் வரும் வழி. தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை பட்டையாக ஏறியிருந்தால், அடித்தளத்தில் ஓதத்தடுப்பு இல்லாமலோ பழுதாகியோ நிலத்து நீர் செங்கல் வழியாக உறிஞ்சப்படுகிறது. கூரையில் இருந்தால் மொட்டை மாடியின் தளஓட்டு இடுக்குகளையும் மழைநீர்க் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். சுவரின் நடுவில் ஒரு திட்டாக, மழை இல்லாத மாதத்திலும் ஈரம் மாறாமல் இருந்தால், மறுபுறத்துக் குளியலறைக் குழாயோ மேல்வீட்டுக் குளியலறையின் தளமோ கசிகிறது. மேல்வீட்டுக்காரரிடம் பேச வேண்டியிருப்பதாலேயே இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் கடைசிவரை சந்தேகிக்காமல் இருக்கிறார்கள்.

இவை எதுவும் இல்லாமல் பீரோவின் பின்புறத்திலும் அறை மூலையிலும் பூசணம் வந்தால், சுவரே வியர்க்கிறது என்று சந்தேகிக்கலாம். சென்னையின் ஈரக்காற்று ஆண்டின் பெரும்பகுதியில் 24, 25 டிகிரியைத் தொடும்போதே நீராகப் படியத் தொடங்கிவிடும். படுக்கையறை ஏசியை 18-இல் வைத்து இரவெல்லாம் ஓட்டும் வீட்டில், அந்தச் சுவரின் மறுபக்கம், அதாவது ஏசி இல்லாத கூடத்தின் பக்கம், அந்த வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்து, அங்கே மாட்டிய படங்களுக்குப் பின்னால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஏசியை 25, 26-க்கு ஏற்றுவதும், மரச்சாமான்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுவதும் இதைத் தீர்க்கும்.

உள்ளிருந்து வரும் ஈரமா, காற்றிலிருந்து படியும் ஈரமா என்ற ஐயம் நீடித்தால், ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைக் கறையுள்ள சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்தால் அறைக்காற்றின் ஈரம்தான். ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த விடை, பல ஆயிரம் ரூபாய் நீர்த்தடுப்பு வேலையைத் தவறான இடத்தில் செய்வதிலிருந்து காப்பாற்றும்.

பூசணத்தை உலர்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டக் கூடாது. வித்துகள் வீடெங்கும் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னலைத் திறந்து, சோப்புநீர் தெளித்து நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும். ஓட்டுச்சில்லு போல வழவழப்பான பரப்பில் இது போதும். பூச்சுக்குள் ஊறியிருந்தால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரத்தின் வழியை அடைத்து, சுவர் முழுதும் உலர்ந்த பிறகுதான் மறுபூச்சு. மெத்தை, சோபா, மரத்தூள் பலகை ஆகியவற்றில் ஏறிய பூசணம் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்த குடும்பங்கள் ஏராளம். நனைந்த பொருளில் ஓரிரு நாளிலேயே பூசணம் தொடங்கிவிடும் என்பதால், வெள்ளம் வடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போவதற்கு முன் நனைந்த மெத்தைகளை வெளியே போட்டுவிட்டு உள்சன்னல்களையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து வைக்க வேண்டும்.

அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூசணம் தழைக்காது. ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடைமழை நாட்களில் கூடத்தில் கொடி கட்டி ஈரத்துணி உலர்த்தும்போது, துணியிலுள்ள லிட்டர் கணக்கான நீரும் அறைக்காற்றில்தான் சேர்கிறது என்பதை மறக்கக் கூடாது; வேறு வழியில்லையென்றால் ஓர் அறையில் மட்டும் உலர்த்தி, கதவைச் சாத்தி, அங்கே எக்ஸாஸ்ட் விசிறியையோ ஏசியின் ஈரம் நீக்கும் முறையையோ ஓடவிடலாம்.

அழுகிய முட்டை வாடை, சாக்கடை வாடை

விருந்தினர் குளியலறை போல நாள்பட நீர் ஊற்றாத இடத்திலிருந்து வந்தால், தரைக்கண்ணின் அடியிலுள்ள நஹானி ட்ராப் வறண்டுவிட்டது. அதில் நிற்கும் இரண்டு அங்குல நீர்தான் கழிவுக்குழாயின் வாயுவை மறிக்கிறது. ஒரு வாளி நீர் ஊற்றிச் சில மணி நேரத்தில் வாடை அடங்கினால் வேறு பழுதில்லை. ஊருக்குப் போகும்போது நீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுச் சென்றால் நீர் விரைவில் ஆவியாகாது.

நீர் இருந்தும், அடுப்படிச் சிம்னியை ஓட்டும்போது மட்டும் குளியலறைப் பக்கமிருந்து வாடை வந்தால், சிம்னியையே உற்றுப் பார்க்க வேண்டும். சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுச் சிம்னியை வேகமாக ஓட்டும்போது, அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாதபோது குளியலறை ஷாஃப்ட்டிலிருந்தும் ட்ராப்பின் நீரைக் கலக்கிக்கொண்டும் அது வரும். எதிர்ப்பக்கத்துச் சன்னல் ஒன்றைத் திறந்துவிட்டால் தீர்ந்தது.

குளியலறைக்குத் தொடர்பே இல்லாமல் மாடிப்படியின் கீழிருந்தோ கூடத்து மூலையிலிருந்தோ அழுகிய முட்டை வாடை வந்தால், அங்கே இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி மின்னேற்றப்படும் ஈய அமில பேட்டரி சூடாகி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். அதோடு எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வரும். சூடாக இருக்கும் பேட்டரியைத் தொடாமல், இன்வெர்ட்டருக்குப் போகும் மின்சாரத்தை மெயினில் நிறுத்தி, காற்றோட்டம் கொடுத்து, ஆளை அழைக்க வேண்டும். பேட்டரிக்கு மேலே துணி போட்டு மூடுவதும், பக்கத்தில் விளக்கேற்றுவதும் எப்போதுமே கூடாது. மீன் வாங்காத நாளில் மீன் கவிச்சு அடித்தாலும் மின்சாரப் பொருத்திகளைத்தான் சோதிக்க வேண்டும். சூடேறிக் கருகும் பிளக்கும் சுவிட்சும் அந்த வாடையைத் தரும்.

சமைக்கும் நேரத்தில் இருமல், கண்ணீர், அலமாரிகளில் பிசுக்கு

மிளகாய் நெடி தற்காலிகமானது. அதோடு சேர்ந்து வரும் எண்ணெய்ப் புகையின் நுண்துகள்தான் மணிக்கணக்கில் வீட்டுக்குள் மிதக்கும். சிம்னி இருந்தும் புகை வெளியேறாவிட்டால், அது புகையை வெளியே தள்ளும் வகைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாயில்லாத வகை, கரி வடிகட்டி வழியாகச் செலுத்திய காற்றை மறுபடியும் அடுப்படிக்கே விடுகிறது, வெப்பமும் ஈரமும் எரிவாயுவின் கழிவும் அப்படியே திரும்பி வருகின்றன. குழாய் உள்ளதாக இருந்தால் வடிகட்டியின் பிசுக்கு, குழாயின் நீளம், அதிலுள்ள வளைவுகள் ஆகியவை இழுவையைக் குறைக்கும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே இரண்டரை அடிக்கு மேல் இருந்தால் புகை பக்கவாட்டில் தப்பும். அடுப்பை மூட்டுமுன்பே சிம்னியை ஓட்டத் தொடங்கி, இறக்கிய பின்னும் பத்து நிமிடம் விடுவதும், வறுவலைப் பின்வரிசை அடுப்பில் செய்வதும் செலவில்லாத திருத்தங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரின் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

புது அலமாரி, புது பெயிண்ட் வந்த பிறகு கண் எரிச்சல்

மாடுலர் சமையலறைக்கும் அலமாரிக்கும் பயன்படும் ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வெப்பமும் ஈரமும் கூடும்போது வெளியேற்றமும் கூடும் என்பதால் நம் கோடையில் இது மோசமாகத் தெரியும். அதே காரணத்தால், குடிபோகுமுன் சில வாரங்கள் அலமாரிக் கதவுகளைத் திறந்து, சன்னல்களைத் திறந்து விட்டுவைத்தால் பெரும்பகுதி வெளியேறியும் விடும். பலகையின் வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டிருந்தால் ஓரப்பட்டை ஒட்டச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கசிவு அங்கேதான் அதிகம்.

எரிச்சல் துணி அலமாரியைத் திறக்கும்போது மட்டும் வந்தால் அது அந்துருண்டையாக இருக்கலாம். நாப்தலீன் ஆவி ஏறிய துணியைப் பச்சைக்குழந்தைக்குச் சுற்றக் கூடாது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

மாலையானால் இருமல்

கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, கம்ப்யூட்டர் சாம்பிராணி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏற்றப்படுவதால் எது காரணம் என்பது தெரியாமல் போகிறது. வாரத்துக்கு ஒன்றாக நிறுத்திப் பார்ப்பது ஒன்றே வழி. சுருளை முதலில் நிறுத்துங்கள்: ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சன்னலுக்கு வலை அடிப்பதும் கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும் அதன் இடத்தை நிரப்பும். பூசையறையில் ஊதுவத்தி வேண்டும் என்போர் சன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஓட, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். துண்டால் துவட்டினாலே அந்த முடி உலர்ந்துவிடும், அந்த வயது நுரையீரலுக்குப் புகை எந்த நன்மையும் செய்யாது.

கழிவறை கழுவியதும் நெஞ்சு எரிச்சல், மூச்சடைப்பு

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்து குளோரின் வாயு உண்டாகியிருக்கிறது. உடனே வெளியே வந்து கதவைத் திறந்துவிட வேண்டும்; இருமல் அடங்காவிட்டால் மருத்துவமனை. ஒன்றைப் பயன்படுத்தும் நாளில் மற்றொன்றைத் தொடாமல் இருப்பதும், வேலைக்கு வருபவரிடம் இதைச் சொல்லிவைப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

சன்னல் கம்பியிலும் தரையிலும் கருந்தூசி

விரலில் ஒட்டும் கருந்தூசி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது: சாலைப்புகை, குப்பை எரிப்பு, வடசென்னையில் நிலக்கரியும் சாம்பலும். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தபோதும், 2018 போகியன்று விமானங்களே தாமதமான புகைமூட்டத்தின்போதும் சன்னலைத் திறந்து வைப்பது காற்றோட்டம் ஆகாது. மற்ற நாட்களில் நேரம் பார்த்துத் திறக்கலாம். தை, மாசியின் விடியற்காலைகளில் தரையை ஒட்டிய குளிர்காற்று புகையைக் கீழேயே அடக்கி வைத்திருக்கும். சாலையோர வீட்டில் அப்போது சன்னலைத் திறப்பதைவிட, வெயில் ஏறிய பிறகோ, கடற்காற்று வீசும் பிற்பகலிலோ திறப்பது மேல். ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற இடங்களின் நிலையங்கள் அளக்கும் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம். பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகளுக்கு இந்தியத் தரம் ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. வீட்டைத் துடைப்பத்தால் வறண்டபடி பெருக்குவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைத்தால் படிந்தது மீண்டும் எழும்பாது.

சுத்திகரிப்பானுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகவும், ஓசோனையோ அயனிகளையோ உமிழாததாகவும் பார்த்து, அறையின் கொள்ளளவை ஐந்தால் பெருக்கி வரும் எண்ணுக்குக் குறையாத சுத்தக்காற்று வீதம் (மணிக்கு அது வடிகட்டித் தரும் காற்றின் அளவு) உள்ளதை வாங்க வேண்டும். மேலே கணக்கிட்ட 34 கன மீட்டர் அறைக்கு அது மணிக்கு 170 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் அதிவேகத்துக்கு உரியது, அந்த இரைச்சலில் யாரும் தூங்கமாட்டார்கள் என்பதால் ஒரு படி பெரியதாக வாங்கி நடுவேகத்தில் ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும். மணிபிளாண்ட் தொட்டிகளால் இதே வேலை நடக்கும் என்ற நம்பிக்கை 1989-இல் நாசா செய்த, மூடிய சிறு பெட்டிகளுக்குள்ளான சோதனையிலிருந்து பரவியது. வீட்டில் சாதாரணமாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாகச் செடிகள் வாயுக்களை நீக்க வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது தேவைப்படும் என்று 2019-இல் வந்த மீளாய்வு காட்டிவிட்டது. கருவியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளி, தலைமாட்டுக்கு அருகில் வைத்து, அது ஓடும்போது அந்த அறையின் சன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். வடிகட்டியை எப்போது மாற்றுவது என்பதைச் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி முடிவுசெய்யாமல், மாதம் ஒருமுறை கழற்றி அதன் நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கறுத்துப்போன ஹெப்பா வடிகட்டியை நீரில் கழுவினால் அதன் இழைகள் கெட்டுவிடும், மாற்றத்தான் வேண்டும்.